தைத்தது என்று சொல்லச் சொன்னார்கள்

என் வயதுக்காரர்கள் யாராவது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வளர்ந்திருந்தால் சித்திரை மாதத்து மிளகாய் வத்தல் கடையை மறந்திருக்க மாட்டார்கள். கடையைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள்கூடத் தும்முவார்கள். பந்தல்குடி ரோட்டில் எங்கள் வீடு அப்படி ஒரு வீடு. முன்னால் கமிஷன் கடை, நடுவில் வத்தலும் மல்லியும் குவித்து வைக்கிற கிட்டங்கி, பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு கட்டு. நாங்கள் யாரும் தும்முவதில்லை. பிறந்ததில் இருந்து அந்த நெடியிலேயே கிடந்து மூக்கு மரத்துப் போயிருந்தது. என் சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி மட்டும்தான் தும்மிக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷம் ஆகியும் அவளுக்கு அந்தக் காற்று பழகவில்லை.

சித்தி பரளச்சிக்காரி. அவளுடைய அப்பா அங்கே சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சித்தி டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள். பெண் பார்க்கப் போனபோது, "படிச்ச பிள்ள, கடைக் கணக்கைப் பாத்துக்கிரும்" என்று என் அப்பாதான் பெருமையாகச் சொன்னாராம். வந்த பிறகு அவளுக்குக் கிடைத்தது கணக்கு நோட்டு இல்லை, கோணி ஊசி. அந்த வருஷம் சாக்குத் தைக்க ஆள் கிடைக்கவில்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த இரும்பு ஊசி, நுனி தட்டையாக லேசாக வளைந்திருக்கும். சாக்கின் வாயை மடித்து, இரண்டு ஓரத்திலும் காது விட்டு, சணல் கோத்துத் தைக்க வேண்டும். நான் எதிரே உட்கார்ந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் லீவு. எனக்குப் பத்து வயது. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை.

தைக்கும்போது சித்தி எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வரி. பதின்மூன்றாம் வாய்ப்பாடு எனக்கு இன்னமும் சணல் வாசத்தோடுதான் நினைவு வருகிறது. தகரக் கூரைக்குக் கீழே நெருப்பாய்க் காயும். அவளுடைய ரவிக்கையின் முதுகு முழுக்க நனைந்துவிடும். நடுநடுவே ஊசியைச் சாக்கில் செருகிவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏழெட்டு முறை தும்முவாள். பிறகு தானே சிரிப்பாள்.

அந்த லீவின் தொடக்கத்தில் நடந்த ஒன்றை நான் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். தபால்காரர் கடைக்கு வந்து சித்தி பேருக்கு ஒரு காக்கிக் கவரைக் கொடுத்தார். அரசாங்க முத்திரை போட்டது. நான் பக்கத்தில் நின்று பேரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். சித்தப்பா கவரைப் பிரித்துப் பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐஸ் வேணுமா பாப்பா?" என்றார். சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், தைத்துக்கொண்டே ஏதோ பேச்சில் சித்தி, "என் செட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துருச்சாம். எனக்கு மட்டும்தான் வரல" என்றாள்.

"உங்களுக்கும் காக்கிக் கவர் வந்துச்சே சித்தி" என்று சொல்லிவிட்டேன்.

ஊசி நின்றது. எப்போது, யார் வாங்கியது, எங்கே வைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஐஸ் வாங்கிக் கொடுத்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, லாரிக்கு எத்தனை மூட்டை தயார் என்று பார்க்கச் சித்தப்பா உள்ளே வந்தார்.

"எனக்கு வந்த ஆர்டர் எங்க?" என்று உட்கார்ந்தபடியே கேட்டாள்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "கிழிச்சுப் போட்டேன். இப்ப என்ன அதுக்கு?"

சித்தி எழுந்தாள். கையில் ஊசியும் சணலும் அப்படியே இருந்தன. "நான் பரளச்சிக்கு, எங்கய்யா வீட்டுக்குப் போறேன்" என்றாள். சத்தம் போடவில்லை. நாளைக்குக் கோயிலுக்குப் போகிறேன் என்பதுபோலச் சொன்னாள்.

"லாரி வந்து நிக்குது. தச்சு முடிச்சுட்டு எங்கயும் போ."

"நீங்களே தச்சுக்கோங்க" என்று ஊசியை நீட்டினாள். அவர் வாங்கினார். அவள் அவரைக் கடந்து வாசலுக்குத் திரும்பினாள். சித்தப்பாவின் கை பின்னால் போயிற்று. முன்னால் வந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. சித்தி "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. இடது பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு வத்தல் குவியலில் சாய்ந்தாள். ஊசியில் கோத்திருந்த சணல் அவளுடைய இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா "அய்யய்யோ" என்று மண்டி போட்டு அதை உருவினார். ரத்தம் அதிகம் வரவில்லை. அவளுக்கு மூச்சுத்தான் வரவில்லை.

நான் அலறியதைக் கேட்டு லோடு ஏற்ற வந்தவர்கள் ஓடி வந்தார்கள். அதே லாரியில் முன்பக்கம் உட்கார வைத்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி நுரையீரலைத் தொட்டிருந்ததாம்.

அன்று சாயங்காலத்தில் இருந்து நான் வெளியே போகக் கூடாது என்றாகிவிட்டது. லோடு ஆட்கள் சொன்னதை வைத்து, உள்ளே இருந்தது நான் ஒருத்திதான் என்று போலீசுக்குத் தெரிந்துவிட்டது. கிட்டங்கிக்கு மேலே பழைய சாக்குகள் போட்டு வைக்கிற மச்சு அறையில் என்னை வைத்தார்கள். வெளியே தாழ்ப்பாள். ஒரே ஒரு ஜன்னல், முகத்தைப் பதித்தால் ரோட்டின் ஒரு துண்டு தெரியும். ஐஸ்காரனின் மணி கேட்கும், ஆள் தெரியமாட்டான். அம்மா சோறு கொண்டு வருவாள். "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல, சாப்பிடு" என்பாள். கும்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போடுவாள். அந்தத் தாழ்ப்பாளை அப்பாவே போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையில் அப்பாவும் கணக்குப்பிள்ளையும் மேலே வந்தார்கள். கணக்குப்பிள்ளை எங்கள் கடைக்கு வரும் முன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு பாப்பா? பயப்படாமச் சொல்லு" என்றார்.

"சித்தப்பா ஊசியால குத்துனாக" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி. இப்ப நான் சொல்றதைக் கேளு. குத்துனாகன்னு ஒரு பேச்சே வேணாம். அதை விட்டுரு."

"ஊசி குத்திருச்சுன்னு சொல்லட்டுமே" என்றார் அப்பா.

"வேணாம் மொதலாளி. குத்திருச்சுன்னா குத்துனது யாருன்னு அடுத்த கேள்வி வரும்."

"ஏறிருச்சுன்னு?"

"ஏறிருச்சுன்னா ஆழம் வந்துரும். அம்புட்டு ஆழத்துக்கு யாரு அமுக்குனான்னு கேப்பான்."

"பட்டுருச்சு?"

"நுரையீரல் வரைக்கும் போன காயம். பட்டுருச்சுன்னா சிரிப்பாங்க." அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "டாக்டர் துளைத்த காயம்னு எழுதியிருக்காரு. அது நமக்கு நல்லதுதான். துளைக்கிறதுக்கு ஆள்தான் வேணும்னு இல்ல, வண்டுகூடத் துளைக்கும். ஆனா சின்னப் பிள்ள வாயில துளைச்சதுன்னு வந்தா, சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு வார்த்தையைத் தேடி ஒருவர் அவ்வளவு சிரத்தையாக யோசித்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பிறகு அவருடைய முகம் தெளிந்தது.

"தச்சிருச்சு. அதான் சரி. ஊருபூரா கருவேல முள்ளு. தினம் நாலு பேருக்குத் தைக்குது. முள்ளு தச்சா யாராச்சும் யாரு தச்சான்னு கேக்காங்களா? சித்தி எந்திரிக்கும்போது தடுமாறி விழுந்துச்சு, ஊசி தச்சிருச்சு. சொல்லு பாப்பா."

"தச்சிருச்சு" என்றேன்.

"முழுசா."

முழுசாகச் சொன்னேன். அன்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. சொல்லச் சொல்ல அது எனக்கே நடந்தது மாதிரி ஆகத் தொடங்கியது. சித்தி எழுகிறாள், சணல் காலில் சிக்குகிறது, விழுகிறாள். சணல் காலில் சிக்கியதாக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே சேர்த்துக்கொண்டேன். அதைக் கேட்டுக் கணக்குப்பிள்ளை, "பிள்ளைக்கு நல்ல அறிவு மொதலாளி" என்றார். அப்பா என் தலையைத் தடவினார்.

கதவு சாத்திய பிறகுதான் அந்த அறை என்னை அமுக்கும். உண்மையைச் சொன்னால் சித்தப்பா ஜெயிலுக்குப் போவார். பொய் சொன்னால் சித்திக்குத் துரோகம். எல்லாவற்றுக்கும் மேலே, நான் காக்கிக் கவரைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. பத்து வயதில் இதற்கெல்லாம் வார்த்தை ஏது? சாக்குகளின் மேல் சுருண்டு படுத்துக் கிடந்தேன். வயிற்று வலி என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ஏட்டையா வந்தார். வயதானவர், காதோரம் நரை. கடைக்குள் மேசை போட்டு உட்கார வைத்தார்கள். கோணி ஊசியைப் பழைய பேப்பரில் சுற்றி ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது திரும்பி வரவே இல்லை. ஏட்டையா அப்பாவிடம், "பிள்ளைட்ட நான் தனியாப் பேசிக்கிறேன். நீங்க ஒரு டீ மட்டும் சொல்லிவிட்டா நல்லது" என்றார். அப்பா தயங்கித் தயங்கி வெளியே போனார்.

நான் மனப்பாடமாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டினார்: "தடுமாறி விழுந்ததில் ஊசி தைத்துவிட்டது." புத்தகத்தில் வருகிற மாதிரி இருந்தது.

"சரிதானா?"

"ம்ம்."

பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "உனக்கு எப்பவாச்சும் முள்ளு தச்சிருக்கா தாயி?"

"தச்சிருக்கு."

"எங்க?"

"கால்ல."

"கையில?"

"ஒரு தடவ."

"விலாவுல தச்சிருக்கா?"

கிட்டங்கிப் பக்கம் யாரோ வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். சித்தி இல்லாததால் யாரும் தும்மவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தைரியம் ஒன்றும் இல்லை. அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்ல என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். எத்தனையோ முறை மென்றதில் சக்கையாகிப் போயிருந்தது.

"குத்துனாக" என்றேன்.

"யாரு?"

"சித்தப்பா."

எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே புதிதாக எழுதினார். இதையும் வாசித்துக் காட்டினார். குத்தினார் என்று இருந்தது. டீ வந்தது. அவர் குடிக்காமலே எழுந்தார்.

அன்று மத்தியானம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. "பாப்பா" என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை எனக்கு "ஏ பிள்ள"தான். மச்சு அறையின் தாழ்ப்பாளை இனிமேல் போட வேண்டியதில்லை என்றார்கள். நானே கீழே இறங்கிப் போகவில்லை.

ஐந்தாம் நாள் அப்பாவும் கணக்குப்பிள்ளையும் மதுரைக்குப் போனார்கள். சித்திக்குப் பேச்சு வந்துவிட்டதாம், அவளுடைய அப்பாவும் அங்கேதான் இருந்தாராம். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அந்தப் பிள்ளையே வாக்குமூலம் கொடுத்துருச்சு. தடுமாறி விழுந்தேன், ஊசி தச்சிருச்சுன்னு. புருஷன் மேல ஒரு குத்தமும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுருச்சு." பிறகு கொஞ்சம் உரக்க, என் காதில் விழும்படி, "வந்தவளுக்கு இருக்கிற விசுவாசம் வீட்டுல பெறந்ததுக்கு இல்ல" என்றார்.

குத்துப்பட்டவளே தைத்தது என்று சொல்லிவிட்டாள். அப்படியென்றால் பொய் சொன்னது நானா? சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தேன்.

சித்தப்பா வீட்டுக்கு வந்தார். மெலிந்து, தாடியோடு. மறுநாள் மச்சுக்கு ஏறி வந்தார். அடிப்பார் என்று மூலையில் ஒண்டினேன். வாசலிலேயே நின்றார்.

"பாப்பா," என்றார், "நெசமாவே நான் குத்துனேனா?"

கேலி இல்லை, மிரட்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். எல்லாரும் தைத்தது, தைத்தது என்று சொல்லிச் சொல்லி அவருக்கே தன் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையை அறிந்தவள் என்று அந்த வீட்டில் அவர் என்னைத்தான் நம்பியிருந்தார். அந்த ஒரு முறை நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"இல்ல சித்தப்பா. தச்சிருச்சு" என்றேன்.

தலையை ஆட்டினார். இறங்கிப் போனார். போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றிக்கொண்ட பொய்யை அவரிடம் மாற்றவே இல்லை. என் வாழ்க்கையில் என்னால் மறக்க முடியாதது இதுதான்.

சித்தி திரும்பி வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை, பரளச்சியிலேயே இருக்கிறாள் என்றார்கள். பிறகு திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்றார்கள். பிறகு அவளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் பொய்க்காரி என்று ஒரு பேர் நிலைத்துவிட்டது. பால் கொட்டினால் பூனை என்று நான் சொன்னாலும் நம்பமாட்டார்கள். "சொந்தச் சித்தப்பன் கையில விலங்கு மாட்டப் பாத்தவதானே" என்பார்கள். பத்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். படிக்க வைத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தியிடம் பார்த்தாயிற்று என்றார் அப்பா. எம்.ரெட்டியபட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். அங்கேயும் அந்தப் பேர் எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கைக்குழந்தையோடு திருச்சுழிக் கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு டீச்சர் கைப்பையும் குடையுமாக நின்றாள். கண்ணாடி போட்டிருந்தாள். அவள்தான் முதலில், "பாப்பாவா?" என்று கேட்டாள். யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டாள். பொம்பளப் பிள்ளையா என்று கேட்டாள். என்னால் அதெல்லாம் பேச முடியவில்லை. நேராகவே கேட்டேன்.

"சித்தி, ஏன் அப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீ ஏட்டையாட்ட சொன்னதைக் கேட்டுத்தான் உங்கப்பா மதுரைக்கு ஓடி வந்தாக. அதுவரைக்கும் எட்டிக்கூடப் பாக்கல. எங்கய்யா அதையே பிடியாப் பிடிச்சுக்கிட்டாரு. என் சர்டிபிகேட் எல்லாம் வரணும், கிழிச்ச ஆர்டருக்குப் பதிலா ஆபீஸுல அலைஞ்சு வேற ஆர்டர் வாங்கித் தரணும், அதுக்கப்புறம் வாழ வான்னு என்னையக் கூப்பிட்டு யாரும் வரக் கூடாது. இம்புட்டுக்கும் சம்மதிச்சா தச்சதுன்னு சொல்லுவா என் மக, இல்லைன்னா அந்தப் பிள்ள சொன்னதையே இவளும் சொல்லுவான்னுட்டாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ யாருட்டயாச்சும் சொல்லியிருப்ப. பத்து வயசுப் பிள்ள." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "உனக்குப் பொய்க்காரின்னு பேரு வரும்னு எனக்குத் தெரியும் பாப்பா. தெரிஞ்சுதான் செஞ்சேன். உன்னைய உள்ள வச்சுட்டுத்தான் நான் வெளிய வந்தேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அவள் கேட்கவில்லை.

"கோவமா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். என் பஸ் வந்தது. குழந்தையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். கண்டக்டர் கேட்டபோது எம்.ரெட்டியபட்டி என்று சொல்லாமல் அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் வாங்கினேன். அங்கே இறங்கி பந்தல்குடி பஸ் பிடித்தேன்.

சித்தப்பா அதற்குள் கோவில்பட்டிப் பக்கம் தனியாகக் கடை போட்டுப் போயிருந்தார். கணக்குப்பிள்ளை காலமாகிவிட்டார். அப்பா மட்டும் கடையில் இருந்தார். வெளியே லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "என்ன பிள்ள, சொல்லாமக் கொள்ளாம வந்துருக்க? மாப்பிள வரலியா?" என்றார்.

குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னேன். "அப்பா, சித்தப்பா அன்னைக்குக் குத்துனாக."

அப்பாவின் கண் என்னிடம் வரவில்லை. முதலில் வாசலுக்குப் போயிற்று. மூட்டை தூக்குகிற ஆட்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் பேசு" என்றார்.

பொய் சொல்லாதே என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நான் அதைத்தான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். மெதுவாகப் பேசு என்று மட்டும்தான் சொன்னார். சித்தி கையெழுத்துப் போட்ட பிறகும், மச்சில் நான் முதலில் சொன்னதை அவர் மறந்திருக்கவில்லை.

நான் மறுபடியும் சொன்னேன். இந்த முறை லாரிப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.